கஸ்தூரி அக்காவின் அமாவாசை மேட்னி

திரையில் கஸ்தூரி அக்கா வாயைத் திறந்தார்.

எங்கள் தெரு மொத்தமும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. பாப்கார்னை வாய்க்குக் கொண்டுபோகிற வழியிலேயே நிறுத்திவிட்டவர்களும் உண்டு. அவர்களில் நான் முக்கியமானவன்.

தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்திருக்கிறார் அக்கா. ஓட்டுக்கூரையில் பதித்த கண்ணாடி வழியாக வெயில் இறங்கி, நீளவாக்கில் கட்டிய பாவு நூலின் மேல் விழுகிறது. வாசலில் கதாநாயகன் வந்து நிற்கிறான். அக்கா குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை நிறுத்திவிட்டு நிமிர்கிறார். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து நான் தினமும் பார்க்கிற அதே நிமிர்தல்தான். ஆனால் அது இத்தனை பெரிதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த மூக்குத்தி மட்டுமே எங்கள் வீட்டுக் கதவு சைஸுக்கு இருந்தது.

உதடு அசைகிறது. குரல் வருகிறது.

தேனில் ஊறவைத்து, கற்கண்டு தூவிய குரல். எஃப்.எம். ரேடியோவில் காலை வணக்கம் சொல்வாரே ஒரு பெண், அவருக்கு ஒரு தங்கை இருந்தால் இப்படித்தான் பேசுவார்.

முன்வரிசையில் யாரோ, "ஐயே!" என்றார்கள்.

என் மனைவி சுமதி என் கையைப் பிடித்தாள். காதலில் பிடிக்கிற பிடி இல்லை. டிரைவர் திடீரென்று பிரேக் போடும்போது பக்கத்துக் கம்பியைப் பிடிப்போமே, அந்தப் பிடி.

நான் திரும்பி, வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த நிஜக் கஸ்தூரி அக்காவைப் பார்த்தேன். கத்தரிப்பூ நிறப் பட்டு, தலை நிறைய மல்லி. அவருடைய வாயும் லேசாகத் திறந்திருந்தது. திரையில் ஒரு வாய், நாற்காலியில் ஒரு வாய். அந்தக் குரல் இரண்டிலிருந்தும் வரவில்லை.

இப்போது நினைத்தாலும் கையில் இருக்கிற பாப்கார்னைக் கீழே வைத்துவிடுகிறேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும். போன வாரம் இந்தப் பக்கத்தில் பல் பிடுங்கிக்கொண்ட கதைக்கே கன்னியாகுமரி வரைக்கும் போய்வந்தவன் நான். இது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம்தான். சீக்கிரம் வந்துவிடலாம்.

அமாவாசைதான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. ஊருக்கெல்லாம் ஞாயிறு விடுமுறை என்றால், எங்கள் தெருவுக்கு அமாவாசை விடுமுறை. அன்றைக்கு ஒருத்தரும் தறியில் உட்காரமாட்டார்கள். தலைக்குக் குளிப்பார்கள், கோயிலுக்குப் போவார்கள், நன்றாகச் சாப்பிடுவார்கள், மத்தியானம் படத்துக்குக் கிளம்புவார்கள்.

நான் நெசவாளி இல்லை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் போல்ட்டு, நட்டுகளுக்குக் காவல் இருக்கிறேன். எனக்கு ஞாயிறுதான் லீவு. அன்றைக்கு விடிந்தும் விடியாமலும் இரண்டு பக்கத்து வீட்டுத் தறிகளும் ஆரம்பித்துவிடும். டக்கு டக்கு, டக்கு டக்கு என்று அவை என் தூக்கத்தை நெய்து முடித்துவிடும். தெருவே அமைதியாகத் தூங்குகிற அமாவாசையில் நான் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை முட்டிக்கொண்டு போவேன். ஞாயிறும் அமாவாசையும் சேர்ந்து வந்தால்தான் எனக்கும் என் தெருவுக்கும் ஒரே நாளில் லீவு. கிரகணம்கூட அதைவிட அடிக்கடி வருகிறது.

இதனால் சினிமா விஷயத்தில் எங்கள் தெருவுக்கென்று ஒரு தனிக் கொள்கை உருவானது. அதை உருவாக்கியவர் கஸ்தூரி அக்காவின் வீட்டுக்காரர் எத்திராஜ் மாமா.

"வெள்ளிக்கிழமை வர்ற படத்தை வெள்ளிக்கிழமையே பாக்குறவன் ஏமாளிப்பா. நல்ல படமா இருந்தா அமாவாசை வரைக்கும் ஓடும். ஓடலையா, அதை நாம எதுக்குப் பாக்கணும்?"

யூடியூப் விமர்சகர்கள் எல்லாம் பிறப்பதற்கு முன்பே மாமா இதைக் கண்டுபிடித்துவிட்டார்.

நான் ரைட்டர் ஆனது இப்படி

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாகப் படம் பார்த்துவிட்டு வருவேன். அமாவாசைக்கு முன்னால் கதை தெரிந்துகொள்ள எல்லோரும் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு ஒரு வியாதி உண்டு. இடைவேளை முடிந்து விளக்கு அணைந்ததும் தூங்கிவிடுவேன். வாரம் முழுக்க பஸ்ஸில் விட்ட தூக்கம் அந்த ஏ.சி.யில் வந்து சேர்ந்துகொள்ளும். அதனால் முதல் பாதியைப் பார்த்தபடி சொல்லிவிட்டு, இரண்டாம் பாதியைச் சொந்தமாகத் தயாரித்து வழங்குவேன்.

ஒரு அமாவாசை சாயங்காலம் எத்திராஜ் மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை.

"இன்னாபா, அந்தத் தங்கச்சி சாவவே இல்லியே?"

"எந்தத் தங்கச்சி மாமா?"

"படத்துல. ஆஸ்பத்திரியில செத்துப்போச்சுன்னு சொன்ன. நான் அன்னைக்கு அழுதேன். இன்னைக்கு தியேட்டர்ல அது கல்யாணம் பண்ணிக்கினு ஜாலியா போவுது. காசு குடுத்துப் பாத்தா அழுகையே வரல."

அன்றைக்கு அவர் வைத்த பெயர்தான் 'ரைட்டர்'. திட்டாகத்தான் வைத்தார். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன்.

பிறகு நிஜமாகவே எழுத ஆரம்பித்து, பத்திரிகைகளுக்கு அனுப்பி, அவை அனுப்பிய வேகத்தைவிட அதிக வேகத்தில் திரும்பி வந்ததையெல்லாம் ஏற்கனவே இந்தப் பக்கத்தில் எழுதிவிட்டேன். கடைசியில் இந்த வார இதழின் ஆசிரியர் மட்டும் இரக்கப்பட்டார். "உங்களைப் பத்தி எழுதுங்க. நடந்ததை எழுதுங்க. கற்பனை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்" என்றார். அந்த 'ப்ளீஸ்' என் எழுத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம்.

இருட்டில் ஒரு பாட்டு

கஸ்தூரி அக்காவின் பழைய குரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போனால் தப்பு.

எனக்குக் கல்யாணமான புதிதில், அபூர்வமாக ஞாயிறும் அமாவாசையும் கூடி வந்த ஒருநாள், தெருவோடு சேர்ந்து படத்துக்குப் போனோம். பாதியில் கரண்ட் போய்விட்டது. அந்தத் தியேட்டரில் ஜெனரேட்டர் இருந்தது, டீசல்தான் இல்லை. விசில், கூச்சல், சீட்டைத் தட்டுகிற சத்தம். புழுக்கத்தில் எங்கேயோ ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது.

திடீரென்று இருட்டுக்குள்ளிருந்து ஒரு பாட்டு எழுந்தது. மார்கழி மாதம் எங்கள் தெருக் கோயிலில் பாடுகிற பஜனைப் பாட்டு. முதலில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அடுத்த அடிக்கு யாரும் சிரிக்கவில்லை. குழந்தைகூட நிறுத்திவிட்டது. கரண்ட் வந்து படம் ஓட ஆரம்பித்தபோது, பின்வரிசையில் ஒருவர், "அட, படத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கப்பா, அந்தம்மா முடிக்கட்டும்" என்று கத்தினார். அந்த அம்மாதான் கஸ்தூரி அக்கா.

சில வருஷங்களுக்கு முன்னால் அவருக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை. குரல்தான் போனது. போனது என்றால் முழுசாக இல்லை. உடைந்த ஓட்டின் மேல் செங்கல்லைத் தேய்க்கிற மாதிரி ஒரு குரல் மிச்சம் இருந்தது. ரேஷன் கடையில் அவர் வாயைத் திறந்தால் வரிசையே திரும்பிப் பார்த்தது. அக்கா கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்தார். பஜனைக்குப் போவதை நிறுத்தினார். பிறகு எல்லாம் கைதான். "சாப்டியா" என்பதற்கு ஒரு கை, "சுமதி இருக்குதா" என்பதற்கு ஒரு கை. நல்ல வேளை, நெய்கிற கை; அதற்கு அழகாகப் பேச வந்தது.

வேன் வந்து நின்றது

ஒரு ஞாயிறு காலை எங்கள் தெருவில் சினிமா வேன் நின்றது. தறியில் உட்கார்ந்தபடி பேசுகிற ஒரு சின்னக் காட்சி. அப்பாவைத் தேடி ஊர் ஊராக அலைகிற மகன் கடைசியில் காஞ்சிபுரம் வருகிறான். அப்பா இறந்துவிட்ட விஷயத்தை அவனுக்கு ஒரு நெசவுக்காரப் பெண் சொல்லவேண்டும். அக்கா வீட்டுக் கூரைக் கண்ணாடி வெளிச்சம் டைரக்டருக்குப் பிடித்துப்போனது.

நடிக்கச் சென்னையிலிருந்து ஒரு அம்மாவைக் கூட்டி வந்திருந்தார்கள். பாவம், அவர் தறிக்குழிக்குள் காலை இறக்கவே அரை மணி நேரம் ஆனது. நாடாவைப் பிடித்த விதத்தில் சப்பாத்திக்கு மாவு பிசைவது போலத் தெரிந்தது. ஒரு நூல் அறுந்தது. இன்னொன்று அறுந்தது. மூன்றாவதற்கு முன்னால் எத்திராஜ் மாமா கும்பிட்டுவிட்டார்.

டைரக்டர் சுவரோரம் நின்ற கஸ்தூரி அக்காவைக் காட்டி, "இவங்களே உட்காரட்டுமே" என்றார்.

அக்கா கையை ஆட்டினார். கழுத்தில் இருந்த தழும்பைத் தொட்டுக் காட்டினார். வராது, வேண்டாம், விட்டுவிடுங்கள். மூன்றையும் ஒரே கையசைவில் சொல்லிவிட்டார்.

"சும்மா ஒரு தடவை பேசிப் பாருங்கம்மா. சரியில்லன்னா விட்டுடலாம்."

அதற்குள் இன்னொரு சிக்கல். எழுதி வைத்திருந்த வசனம் புத்தகத் தமிழில் இருந்தது. உதவி இயக்குநர் விக்னேஷ் என்கிற அரைக்கால் சட்டைப் பையன், "இந்த ஏரியா பேச்சு தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டதுதான் தாமதம்.

"எங்க ரைட்டரு இருக்காரே!" என்றார் மாமா.

என்னைக் கைலியோடு இழுத்துக்கொண்டு போனார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னிடம் ஒருவர் வசனம் கேட்கிறார். நான் சுவரைப் பார்த்து நின்றேன். கூரையைப் பார்த்தேன். வாசலில் போன மாட்டைப் பார்த்தேன். லைட்டெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

"சார், ஒரு லைன்தான் சார்" என்றான் விக்னேஷ், அழாத குறையாக.

கடைசியில் எழுதிக் கொடுத்தேன்: "உங்கப்பா இந்தத் தறியிலதாம்பா உக்காந்துக்கினு இருந்தாரு. நீ வருவ, நீ வருவன்னு சொல்லிக்கினே இருந்தாரு. இப்பதான் வரியா?"

கதை எழுதுவது பற்றி எனக்குத் தெரிந்த ஒரே உண்மையை அன்றைக்குத்தான் கற்றேன். 'செத்துட்டாரு' என்ற வார்த்தையை எழுதி, அடித்து, எழுதி, அடித்து, கடைசியில் அடித்தபடியே விட்டுவிட்டேன். எழுதாமல் விட்டதுதான் அந்த வசனத்திலேயே நான் எழுதிய நல்ல பகுதி.

அக்கா தறியில் உட்கார்ந்தார். பேசினார்.

அந்த உடைந்த குரல் "இப்பதான் வரியா?" என்று கேட்டபோது லைட் பிடித்திருந்தவர் மூக்கை உறிஞ்சினார். டைரக்டர் காதிலிருந்து ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"இந்தக் குரல்ல எவனும் கை வைக்கக் கூடாது."

நாங்கள் எல்லோரும் கேட்டோம். அக்காவும் கேட்டார். முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பு கரகரவென்று வெளியே வந்தது. அதை அவர் அடக்கவில்லை.

அதன் பிறகு தினமும் நாடா போகிற சத்தத்துக்கு நடுவில் அந்த வசனம் எங்கள் ஜன்னலுக்கு வரும். வீட்டுக்குள் மட்டும்தான். வெளியே இன்னும் கைதான். சுமதி ஒருநாள் கேட்டே விட்டாள்.

"வெளியயும் பேசலாம்ல அக்கா?"

அக்கா அவளைக் கிட்டே இழுத்துக் காதில் சொன்னார்: "படம் வரட்டும் சுமதி. ஊரே கேட்டுடும் இல்ல? அப்புறம் யாரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க. இது சினிமாவுல வந்த குரல்னு சொல்லுவாங்க. இந்த மார்கழிக்குப் பஜனைக்கு வரேன் பாரு."

ஏனாத்தூரிலிருந்து ஒரு பாராட்டு

படம் வெளியானது. எங்களுக்கு அமாவாசைதான் வெளியீடு. அதுவரைக்கும் யாரும் பார்க்கக்கூடாது, அக்காவோடு சேர்ந்துதான் பார்க்கவேண்டும் என்று தெருவே தீர்மானம் போட்டது. நானும் கட்டுப்பட்டேன்.

படம் எத்திராஜ் மாமாவின் கொள்கையில் தேறாது போலிருந்தது. முதல் வாரமே ஆட்கள் இல்லை. மாமாவும் நானும் தியேட்டர் மேனேஜரைப் பார்க்கப் போனோம்.

"அமாவாசை வரைக்கும் தூக்காதீங்க சார்" என்றேன்.

"எதுக்கு, எதாச்சும் பரிகாரமா?" என்றார் அவர்.

விஷயத்தைச் சொன்னதும் மேட்னியை மட்டும் விட்டுவைக்கச் சம்மதித்தார்.

நடுவில் சுமதியின் அக்கா மகள் திவ்யா போன் செய்தாள். ஏனாத்தூரில் காலேஜ் படிக்கிறாள். வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு நண்பர்களோடு பார்த்திருக்கிறாள்.

"சித்தப்பா, உங்க தெரு ஆன்ட்டி செம! வாய்ஸ் அவ்ளோ ஸ்வீட்!"

திவ்யா கஸ்தூரி அக்காவை நேரில் பார்த்ததும் இல்லை, அவர் பேசிக் கேட்டதும் இல்லை. அது என் மண்டையில் ஏறவில்லை. நான் செருப்பைக்கூட மாட்டாமல் அக்கா வீட்டுக்கு ஓடினேன்.

"அக்கா! குரல் ஸ்வீட்டா இருக்குதாம்!"

தறி நின்றது. அக்கா யோசித்தார்.

"ஸ்வீட்டுன்னா சொல்லிச்சு?"

"ஸ்வீட்டுன்னுதான்."

"அந்தப் பொண்ணுக்குக் காது நல்லாக் கேக்குமா?"

இந்த ஊரிலேயே அறிவோடு கேட்கப்பட்ட ஒரே கேள்வி அது. நானோ, தியேட்டர் ஸ்பீக்கரின் மகிமை பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். நாலு பக்கமும் ஸ்பீக்கர், கரகரப்பை எல்லாம் அது வழித்து எடுத்துவிடும் என்றேன். அக்கா நம்பிவிட்டார். அன்று முதல் மிளகுப் பால் குடிக்க ஆரம்பித்தார்.

"படம்தான் எடுத்து முடிச்சாச்சேக்கா, இப்ப எதுக்குப் பாலு?"

"தியேட்டர்ல யாராச்சும் வந்து பேசச் சொன்னா?"

என் கதை தனி. அமாவாசைக்கு லீவு கேட்டு மேலதிகாரி முன்னால் நின்றேன்.

"என்ன காரணம்?"

"என் படம் ரிலீஸ் சார்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ வர்றியா?"

"நான் வரமாட்டேன் சார். என் வசனம் வரும்."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு தும்மல் போடுற நேரம் சார். நீங்க பாக்கப் போனா தும்மிடாதீங்க."

லீவு கிடைத்தது. அது மரியாதையால் கிடைத்ததில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

மேட்னி

இப்போது மறுபடியும் தியேட்டருக்குள் வாருங்கள். அக்காவின் உதடு அசைகிறது. தேன் குரல் சொல்கிறது:

"ஏலே தம்பி, ஒங்க அய்யா செத்து மூணு மாசம் ஆயிட்டுல்லா. இப்பம் வந்து நிக்க?"

செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் கால் வைத்திராத கஸ்தூரி அக்கா, காஞ்சிபுரம் தறியில் உட்கார்ந்துகொண்டு, திருநெல்வேலிக்காரராகிவிட்டார். ஊரில் மிளகாய் வற்றல் காயப்போட்டுவிட்டு வந்தவர் மாதிரி பேசுகிறார்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்த அதிர்ச்சி என் வசனத்துக்காகத்தான். நான் பார்த்துப் பார்த்து அடித்துவிட்ட 'செத்து' என்ற வார்த்தையைத் தேடிப்பிடித்து முதல் வரியிலேயே வைத்திருக்கிறார்கள்.

"கொன்னுட்டாங்க சுமதி" என்று முணுமுணுத்தேன்.

"உங்க வசனத்தைத் தூக்கி உடப்புல போடுங்க. அக்காவைப் பாருங்க" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்போதுதான் எனக்கு இரண்டாவது அதிர்ச்சி வந்தது. அது முதலாவதைத் தின்றுவிட்டது.

தெருவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா வரும்போது விசில் அடிக்கவேண்டும், கைதட்டவேண்டும் என்று ஏற்கனவே பேசி வைத்திருந்தார்கள். பேசி வைத்ததால் விசில் வந்தது. காட்சி முடிந்து, கதாநாயகன் பஸ் ஏறி, பாட்டும் ஆரம்பித்த பிறகு வந்தது. கைதட்டல் இரண்டு மூன்று இடங்களில் கேட்டு, தன்னையே பார்த்து வெட்கப்பட்டு நின்றுபோனது. எதிர்வீட்டு அம்சா மட்டும் சத்தமாகவே கேட்டாள்:

"கஸ்தூரிக்கு எப்ப தொண்டை சரியாச்சு?"

இடைவேளையில் யாரும் அக்காவின் கண்ணைப் பார்க்கவில்லை. எத்திராஜ் மாமா எல்லோருக்கும் சமோசா வாங்கி வந்து, யாருக்கும் கொடுக்காமல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

"வூட்டுக்குப் போயிடலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அக்கா கையால் பதில் சொன்னார். விரித்த விரல்கள் முன்னால் இருந்த வெள்ளைத் திரையைக் காட்டின. இன்னும் படம் இருக்குது.

அன்றைக்கு அவர் தறியில் அழுகிற மாதிரியும் ஒரு துண்டுக் காட்சி எடுத்திருந்தார்கள். அது ஒருவேளை பின்னால் வரலாம், அதில் ஒரு விசும்பலாவது தன் குரலில் இருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ. என் வாழ்க்கையில் இரண்டாம் பாதி முழுவதும் நான் கண்விழித்திருந்த ஒரே படம் அதுதான். அந்தக் காட்சி வரவே இல்லை.

வெளியே வெயில் இருந்தது

கூட்டம் என்று சொல்ல முடியாத கூட்டம் வெளியே வந்தது. இருட்டிலிருந்து வந்த கண்ணுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது. நாங்கள் படிக்கட்டில் நின்றோம். யார் முதலில் என்ன பேசுவது என்று தெரியாமல் ஆளாளுக்குச் செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தோம். மாமா வண்டி எடுக்க ஸ்டாண்டுக்குப் போனார்.

அப்போது சுடிதார் போட்ட ஒரு பெண், யாரென்றே தெரியாது, செல்போனை நீட்டிக்கொண்டு வந்தாள்.

"நீங்கதானே அந்தத் தறி அம்மா? ஐயோ, உங்க வாய்ஸ் என்னா ஸ்வீட்டும்மா! ஒரே ஒரு தடவை பேசுங்களேன், ஸ்டேட்டஸ் வெக்கணும்."

அக்கா மிளகுப் பால் குடித்துக் காத்திருந்தது இதற்குத்தான். யாரோ ஒருத்தர் வந்து பேசச் சொல்லவேண்டும் என்று. சொல்லியாயிற்று. வேறொருத்தியின் குரலில் பேசச் சொல்லிவிட்டாள்.

அக்காவின் கை தன்னால் கழுத்துத் தழும்புக்குப் போனது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"ஒரு சீன்ல வந்ததுக்கே இந்தப் பந்தாவா?" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள்.

சுமதி அவள் பின்னாலேயே பாயப் பார்த்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். கை எழவில்லை. வாய்தான் பேசியது.

"அந்த அரக்கால் சட்டைப் புள்ளைக்குப் போனு போடு முரளி."

தியேட்டர் வாசலில், வெட்ட வெளிச்சத்தில், அத்தனை பேர் முன்னால். நான் பதறிக்கொண்டு போட்டேன். பதற்றத்தில் ஸ்பீக்கரையும் அழுத்திவிட்டேன். அதை எப்படி நிறுத்துவது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அக்கா போனை வாங்கிக்கொண்டார்.

"நான்தான் பேசறேன்" என்றார்.

"முரளி சார்! என்ன சார் தொண்டை இப்படிக் கட்டியிருக்கு? ஐஸ்கிரீமா?" என்றான் விக்னேஷ் உற்சாகமாக.

அக்கா போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனார்.

"முரளி இல்லப்பா. கஸ்தூரி. தறியில உக்காந்தவ."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"அக்கா! பார்த்தீங்களாக்கா? எப்படி இருந்துது?"

"நல்லா இருந்துது. என் வாயில யாரு அது?"

விக்னேஷ் எச்சில் விழுங்கியது ஸ்பீக்கரில் துல்லியமாகக் கேட்டது. "டைரக்டர் சண்டையே போட்டாருக்கா. சத்தியமா. படத்தைப் போட்டுக் காட்டினப்ப, அழுகுற சீன்ல ஆம்பளை பேசற மாதிரி இருக்குன்னு ரெண்டு மூணு பேர் சொல்லிட்டாங்க. புரொட்யூசர் மாத்தச் சொல்லிட்டார். டப்பிங் பேச வந்தவங்களுக்குத் திருநெல்வேலிப் பேச்சுதான் வந்துது. உங்ககிட்ட சொல்லியிருக்கணும், தப்புதான். ஆனா முகம் பிரமாதமா வந்திருக்குக்கா. எல்லாரும் முகத்தைப் பத்தியேதான் பேசறாங்க."

அக்கா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, அதற்குள் அவன் இருக்கிற மாதிரி அதை உற்றுப் பார்த்தார்.

"அப்ப முகத்தையும் எடுத்துடுப்பா."

"அக்கா?"

"குரலு வேணாம்னா முகம் இன்னாத்துக்கு? ரெண்டும் ஒரே ஆளுதுதான். எடுத்துடு."

"ஐயோ அக்கா, படம் ரிலீஸ் ஆயிடுச்சுக்கா. இப்ப எப்படி எடுக்கிறது..."

"அது உன் பாடு. நான் பேசாத பேச்சுக்கு என் முகம் வராது."

போனை என்னிடம் கொடுத்துவிட்டார். விக்னேஷ் பாவமாக, "சார், இருக்கீங்களா? உங்க வசனம்கூட சார்..." என்று இழுத்தான். அவனிடம் கேட்பதற்காக இடைவேளையிலிருந்து ஒரு நீண்ட பிரசங்கம் தயாரித்து வைத்திருந்தேன். கண்ணகி அரசவையில் நிற்கிற தோரணையில் அது தொடங்கும்.

"அது கிடக்குதுப்பா" என்றேன். "அக்கா சொன்னதுக்கு வழி பாரு."

வைத்துவிட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா வெளியே இத்தனை வார்த்தை பேசி எங்களில் ஒருத்தரும் கேட்டதில்லை. டிக்கெட் கவுண்டர் ஆள் ஜன்னலிலிருந்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். பூக்காரம்மா முழம் போடுவதைப் பாதியில் விட்டுவிட்டுப் பார்த்தார். பார்க்கட்டும் என்பது போல அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"இவரு எங்க?" என்றார்.

எத்திராஜ் மாமா வண்டி ஸ்டாண்டில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் வண்டியின் மேல் சாய்ந்திருந்த வேறு யாருடைய வண்டியையோ நகர்த்திக்கொண்டிருந்தார். இந்த உரையாடலில் ஒரு எழுத்துகூட அவர் காதில் விழுந்திருக்காது. அங்கே ஏகப்பட்ட வண்டிகள், ஏகப்பட்ட கணவர்கள். 'ஏங்க' என்றால் அத்தனை பேரும் திரும்புவார்கள்.

அக்கா படிக்கட்டின் நுனிக்கு வந்தார். மூச்சை இழுத்தார்.

"எத்திராஜூ!"

ஸ்டாண்டு மொத்தமும் திரும்பியது. ஒரு ஷேர் ஆட்டோ நின்றே விட்டது. அம்சா வாயில் கையை வைத்தாள். எங்கள் தெருவில் பெண்கள் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார்கள். ரேஷன் கார்டில் எழுதுவதற்குக் கேட்டால்கூடப் பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல்வார்கள். கல்யாணம் ஆனதிலிருந்து மாமா தன் பெயரை அக்கா வாயிலிருந்து கேட்டதே இல்லையாம். பிறகு என்னிடம் சொன்னார்.

ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் ஓட்டமும் நடையுமாக வந்தார். யாரோ செத்துவிட்டார்கள் என்றே நினைத்திருப்பார்.

"இன்னாடி, பேரு சொல்லிக் கூப்புடற?"

"வேற எப்படிக் கூப்புடறது? பசிக்குது. அந்தச் சமோசா எங்க?"

மாமா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தட்டைத் தியேட்டருக்குள்ளேயே வைத்துவிட்டு வந்தது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. "இதோ" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை முன்பின்னாக மாட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்.